கஞ்சா: மருந்தென்னும் கூற்றும் விஞ்ஞானச் சான்றும்

நஞ்சும் மருந்தும் பெரும்பாலும் அளவினால் வேறுபடுவன என்பது வைத்தியர் நன்கறிந்த உண்மை. கஞ்சாச் செடியைப் பற்றிய வாதங்களில் இவ்வுண்மை பெரிதும் மறக்கப்படுகின்றது. ஒரு சாரார் அதனை எல்லாப் பிணிக்கும் அருமருந்து என்பர். மற்றொரு சாரார் அதனிடத்து நன்மை அணுவளவும் இல்லை என்பர். இவ்விரண்டும் ஆராயாது கொண்ட முடிபுகளே.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இது வெறும் ஏட்டு வினா அன்று. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே கைகால் இழந்தோரும், முள்ளந்தண்டு பாதிக்கப்பெற்றோரும், எறிகணைச் சிதறல்களை உடலினுள்ளே தாங்கி வாழ்வோரும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் பலர் உளர். இழந்த காலிலேயே எரிவும் குத்தும் உணர்ந்து இரவெல்லாம் உறங்காதிருப்போர்க்கு, நோவு தீரும் என்று எவர் சொன்னாலும் அச்சொல் இனிக்கும். கடல்வழியே வடகரையிற் களவாக இறங்கும் கஞ்சாப் பொதிகளோ தொலைவில் உள்ளன அல்ல. ஆதலின் கூற்று வேறு, சான்று வேறு எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

சித்த, ஆயுர்வேத வைத்தியங்கள் இச்செடியைப் பண்டுதொட்டு அறிந்துள்ளன. மதன மோதகம் என்னும் மருந்தில் இது சேர்வதுண்டு. ஆயினும் பரிகாரிமார் இதனைச் சுத்தி செய்து, பிற சரக்குகளுடன் கூட்டி, அளவும் அனுபானமும் பத்தியமும் வகுத்தே கொடுப்பர். அம்மருந்தைக் காட்டிப் புகைத்தலுக்கு நியாயம் தேடுதல் பொருந்தாது.

மேனாட்டு வைத்தியத்துக்கு இதனை அறிமுகஞ் செய்தவருள் முதன்மையானவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஓஷானசி ஆவர். அவர் 1839இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏற்புவலியிலும் குழந்தை வலிப்பிலும் பயன் கண்டதாகக் கூறினார். விசர்நாய்க்கடி நோயிலோ வேதனை தணிந்ததேயன்றி உயிர் தப்பவில்லை என்பதையும் மறையாது எழுதினார். துன்பந் தணித்தல் வேறு, நோய் தீர்த்தல் வேறு என்னும் இவ்வேறுபாடு இன்றும் நினைக்கத்தக்கது.

1964இல் மெக்கூலம், கயோனி என்னும் இசுரேலிய அறிஞர் இருவர், வெறியூட்டும் பொருளாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினோலைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். பின்னர், அப்பொருள் சென்று பொருந்தும் வாங்கிகள் மூளையில் உள்ளன என்பது புலனாயிற்று. அவற்றிற் பொருந்துவதாய் உடலே சுரக்கும் பொருளொன்று 1992இல் கண்டறியப்பட்டு, ஆனந்தம் என்னும் வடசொல்லின் அடியாக ‘ஆனந்தமைட்’ எனப் பெயர் பெற்றது. செடியிலுள்ள கன்னாபிடியோல் என்னும் மற்றொரு பொருள் வெறியூட்டுவதன்று.

சான்று வலுவாயுள்ள இடங்கள் சிலவே. திராவே என்னும் கடுமையான பிள்ளை வலிப்பு நோயுற்ற 120 பேரிடத்து நிகழ்ந்து 2017இல் வெளியான பரிசோதனையில், கன்னாபிடியோல் பெற்றோர்க்கு வலிப்பு ஏறக்குறைய 39 வீதமும், போலி மருந்து பெற்றோர்க்கு 13 வீதமும் குறைந்தன. மறு ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா அம்மருந்தை அங்கீகரித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையால் விளையும் வாந்தியையும், நரம்புறை அழிவு நோயின் தசை இறுக்கத்தையும் தணித்தற்கும் சான்றுண்டு. புற்றுநோயையே தீர்க்கும் என்பதற்கோ மனிதரிடத்துச் சான்றில்லை. ஆய்வுகூடக் குப்பியில் உயிரணு அழிதலும் நோயாளி குணமடைதலும் ஒன்றல்ல.

நாட்பட்ட நோவின் நிலை ஐயத்துக்குரியது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கை பயனுண்டு என்றது. 2021இல் நோவு ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கமோ, சான்று போதாமையால் நோவுக்கு இதனைப் பொதுவாக ஏற்க இயலாது என்றது. 1459 பேரை உள்ளடக்கிய 20 ஆய்வுகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டு ஆராய்ச்சி, போலி மருந்து பெற்றோர்க்கும் நோவு கணிசமாகத் தணிந்தமையைக் காட்டிற்று. தணிவில் எவ்வளவு மருந்தின் பயன், எவ்வளவு நம்பிக்கையின் பயன் என்பதை இத்தகைய ஒப்பீடே உணர்த்தும்.

கேடுகளோ ஐயமற்றவை. பயன்படுத்துவோருட் சிலர் அதற்கு அடிமையாவர். இளமையில் தொடங்குவோர்க்கு அவ்வாபத்து மிகுதி. சித்தப்பிரமையும் நேர்தல் கூடும். களவாக வரும் பொதியில் எப்பொருள் எவ்வளவு உளது என அறியவும் வழியில்லை. அனுமதியின்றி அதனை வைத்திருத்தல் இலங்கைச் சட்டப்படி குற்றமுமாம்.

எனவே, செடி முழுவதையும் புகழ்தலும் இகழ்தலும் ஒழித்து, எந்தப் பொருள், எந்த நோய்க்கு, எந்த அளவில், எவரிடத்துச் சோதிக்கப்பட்டது என வினவுதலே அறிவுடைமை. நோவுற்றோர் கேட்பது ஆறுதல். அவர்க்குப் பொய் ஆறுதல் விற்றல் கொடுமை. தேர்ந்த வைத்தியரின் கவனிப்பை அவர்தம் ஊரிலேயே கிடைக்கச் செய்தல் கற்றோரின் கடமையாகும்.