ஸ்டெம் செல் ஊசி: பில் யார் பெயரில்?

பார்க்கின்சன் வந்த அப்பாவுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா என்று ஆறுமுகநேரிக்காரர் ஒருத்தர் கேட்டார். ஒரு தனியார் மருத்துவமனை சில லட்சங்கள் ஆகும் என்று சொல்லியிருக்கிறதாம். நான் டாக்டர் இல்லை. ஆனா ஒரு பொருள் சோதனையைத் தாண்டி வந்ததா, சோதனையைச் சுத்தி வந்ததா என்று பார்ப்பது சாஃப்ட்வேர் ஆட்களுக்கு அன்றாட வேலை. அந்தக் கண்ணோடு படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதுதான் பார்க்கின்சனின் அடிப்படை. கை நடுங்க ஆரம்பிக்கும்போதே அதில் பெரும்பங்கு போயிருக்கும். மாத்திரை டோபமைன் குறைவை ஈடுகட்டும். செத்த செல்லைத் திருப்பித் தராது. அப்போ புது செல்லை நட்டால் என்ன? யோசனையில் தப்பில்லை. எந்த செல்லை, எங்கே நடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் 2018-இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. ஆரோக்கியமான ஒருவரின் செல்லை ஐ.பி.எஸ். ஸ்டெம் செல்லாக மாற்றி, அதை டோபமைன் செல்லுக்கு முந்தைய நிலை வரை வளர்த்து, அறுவை சிகிச்சை மூலம் மூளைக்குள்ளேயே வைத்தார்கள். மொத்தம் 7 பேர். 2025-இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: பெரிய பக்கவிளைவு இல்லை; பலன் அளக்கப்பட்ட 6 பேரில், மருந்தின் வேகம் இறங்கிய நேரத்தில் அளந்த இயக்க மதிப்பெண் 4 பேருக்கு முன்னேறியிருந்தது. நம்பிக்கை தரும் தொடக்கம், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் காசுக்குப் போடுவது பெரும்பாலும் இது இல்லை. இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு நீரில் செலுத்துகிறார்கள். அந்த செல் டோபமைன் செல்லாக மாறி மூளையில் வேலை பார்க்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது.

பிறகு எப்படி விற்க முடிகிறது? கம்பெனி மருந்து என்றால் கட்டம் கட்டமாகச் சோதனை காட்டணும். "உங்க செல்லை உங்களுக்கே போடுறோம், இது மருந்தில்லை, சிகிச்சை முறை" என்று சொன்னால் அந்த வரிசையில் நிற்காமல் நழுவப் பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2007 வழிகாட்டியின் தலைப்பில் 'ஆராய்ச்சி', 'சிகிச்சை' இரண்டும் இருந்தன. 2013-இல் 'சிகிச்சை' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். நிரூபிக்காததைச் சிகிச்சை என்று சொல்லக் கூடாது என்பதுதான் காரணம். 2017 பதிப்பு, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்று தவிர மற்றதைச் சோதனைக்கு வெளியே கொடுப்பது முறைகேடு என்கிறது. 2019 விதிகளில் ஸ்டெம் செல்லிலிருந்து எடுத்த தயாரிப்பு 'புதிய மருந்து'.

சோதனை ஏன் அவ்வளவு முக்கியம்? ஏ.எல்.எஸ். நோய்க்கான 'நியூரோன்' முதலில் நம்பிக்கை தந்தது. மூன்றாம் கட்டத்தில் முக்கிய இலக்கை எட்டவில்லை. 2023-இல் அமெரிக்க நிபுணர் குழு 17-க்கு 1 என்று எதிராக வாக்களித்தது. தீங்குக்கும் உதாரணம் உண்டு. மாஸ்கோவில் கரு நரம்பு செல் செலுத்தப்பட்ட ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு, சில வருஷம் கழித்து அந்த செல்லிலிருந்தே கட்டி வளர்ந்திருந்தது. 2009-இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

நேர்வழி நம்ம பக்கமும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோபிலியா நோயாளிகள் 5 பேருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணு சேர்த்துக் கொடுத்தார்கள். முறையான சோதனையாகச் செய்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவமனை வழியாகப் புது சிகிச்சை வருவது இப்படித்தான் இருக்கணும்.

உங்க வீட்டில் யாருக்காவது இந்த ஊசியைச் சொன்னால் மூணு கேள்வி கேளுங்க. சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன? இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகத்தின் அனுமதி எங்கே? பதிவு மட்டும் அனுமதி ஆகாது. மூணாவதுதான் முக்கியம்: பணம் யார் கட்டுவது? முறையான சோதனையில் நோயாளியிடம் சிகிச்சைக் கட்டணம் வாங்கக் கூடாது. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடும் நடத்துபவர் பொறுப்பு. பில் உங்க பெயரில் வந்தால், சோதனைக்கு ஆளாவதும் நீங்க, அதற்குச் செலவழிப்பதும் நீங்க.

அந்தப் பணத்துக்கு நிரூபணமான வேலை இருக்கிறது: நேரம் தவறாத மாத்திரை, பிசியோதெரபி, தகுதியுள்ளவர்களுக்கு மூளையில் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். சிகிச்சை. கடைசியாகச் சொன்னதைப் பற்றிக் கேட்க, நம்ம கடற்கரைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் எட்டுகிற தூரம்தான்.