டவர் நின்றால் கல்லாவும் நிற்கும்

அடிபட்ட ஊர் எவ்வளவு சீக்கிரம் பழையபடி சம்பாதிக்கத் தொடங்குகிறது என்பதைத்தான் பொருளாதார மீள்திறன் என்கிறார்கள். இணையம் பரவினால் அது கூடுமா? தாம்பரம் பக்கம் நடந்ததைப் பார்த்தால், கூடும். ஆனால் எல்லோருக்கும் அல்ல, எப்போதும் அல்ல.

இணையம் கைகொடுத்தது 2020-இல். மார்ச் 24 நள்ளிரவு முதல் கொரோனா ஊரடங்கு. சிறுசேரியிலும், 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் சம்பளம் சேலையூர், சிட்லபாக்கம் மளிகைக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதே மெப்ஸில் ஆயத்த ஆடை தைத்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

வெள்ளத்தில் கதை வேறு. 2015 டிசம்பர் 1-இல் கொட்டிய மழை தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. முதலில் கரண்ட் போனது, பிறகு சிக்னல். காரணம் எளிது: கரண்ட் நின்றதும் செல்போன் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், அப்புறம் ஜெனரேட்டரில். டீசல் வண்டி வர முடியாவிட்டால் அதுவும் நிற்கும். இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தாலும் பயனில்லாமல் போகலாம்; பல இடங்களில் இரண்டுக்கும் டவர் ஒன்றுதான்.

மறு ஆண்டு டிசம்பர் 12-இல் வர்தா புயல். சாய்ந்த மரங்கள் கம்பங்களில் தொங்கிய கேபிள்களை அறுத்தன. பணமதிப்பிழப்பு அறிவித்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. கையில் நோட்டுக்குத் தட்டுப்பாடு. கார்டு தேய்க்கும் மெஷினுக்கும் லைன் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது டீக்கடை வரை க்யூஆர் அட்டை வந்துவிட்டது. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. 2015-இல் சிக்னல் போனபோது பேச முடியவில்லை. 2023-இல் பால் பாக்கெட்கூட வாங்க முடியவில்லை. எட்டு ஆண்டுகளில் இணையத்தின் வேகம் பல மடங்கு ஏறியது; நம் வாங்கலும் விற்றலும் அதன்மேல் ஏறின; டவருக்குக் கீழே தண்ணீர் தேங்குவது மட்டும் மாறவில்லை. ஒரு நகரத்தின் இணையத்தை வேகத்தை வைத்து மட்டும் மதிப்பிடுவது தவறு. கரண்ட் போன இரண்டாம் நாளும் அது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் சில நாள் செலவுக்கு ரொக்கம் வைத்திருங்கள். தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. உங்கள் தெருவில் மழைநீர் வடிகால் தோண்டும்போதே கேபிளுக்கும் குழாய் பதிக்கச் சொல்லி, தாழ்வான இடத்து டவர் ஜெனரேட்டர்களை உயரத்தில் வைக்கச் சொல்லி, வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள்.