கைமாறாத பூட்டு

பழைய ஐபோன் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி வந்து ஆன் செய்கிறீர்கள். பல மொழிகளில் வணக்கம் சொல்கிறது. மொழி, நாடு, வைஃபை எல்லாம் கேட்டு முடித்ததும் ஒரு பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறது. இந்தப் போன் ஓர் உரிமையாளரின் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கிறதாம். கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. முதல் எழுத்து தெரிகிறது, மிச்சமெல்லாம் புள்ளிகள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டைத் தட்டினால்தான் மேற்கொண்டு போகும். விற்றவரை அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "நானே இன்னொருத்தர்கிட்ட வாங்கினதுதாங்க" என்கிறார்.

சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. போனைக் கையில் வாங்கிப் பார்த்ததும் "ஐகிளவுட் லாக்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். டிஸ்பிளே, கேமரா, பேட்டரி எதிலும் குறையில்லை. ஆனாலும் அது இப்போது முழுப் போன் இல்லை. உதிரிப் பாகங்களின் விலைக்குத்தான் போகும்.

வாங்கியவர் அடுத்து கேட்பது, "ஃபிளாஷ் அடிச்சா சரியாயிடாதா?" என்பது. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் சரியாகித்தான் இருந்தது. 2013-க்கு முன்பு திருட்டு ஐபோனைக் கணினியில் செருகி மென்பொருளைப் புதிதாக ஏற்றினால், பழைய ஆளின் தடயமே இல்லாமல் போய்விடும். இப்போது ஏன் அப்படி ஆவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, போனில் இருக்கும் தகவல்களும் போனின் அடையாளமும் தனித்தனி விஷயங்கள் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஐபோனில் படம், செய்தி, தொடர்பு எண் எல்லாமே மறையாக்கம் செய்துதான் சேமிக்கப்படுகின்றன. 'எல்லாவற்றையும் அழி' என்று கட்டளை கொடுத்தால் போன் ஒவ்வொரு படமாகத் தேடி அழித்துக்கொண்டிருப்பதில்லை. மறையை அவிழ்க்கும் சாவியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. 128 ஜிபியும் ஒரு நொடியில் பொருளற்ற எண்குவியலாகிவிடும். தகவல் போயிற்று. ஆனால் வரிசை எண்ணும், சிப்பில் தயாரிப்பின்போதே பொறிக்கப்பட்ட அடையாளமும் அப்படியே இருக்கின்றன. மீண்டும் ஆன் செய்ததும் போன் இணையம் வழியாக ஆப்பிளின் சர்வரைத் தொடர்புகொண்டு, 'நான் இன்ன போன், வேலையைத் தொடங்கலாமா' என்று அனுமதி கேட்கிறது. 'ஃபைண்ட் மை' வசதி யாருடைய கணக்கிலாவது இயக்கத்தில் இருந்தால், அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு வரும்வரை சர்வர் அனுமதி தருவதில்லை. பூட்டு உங்கள் கையில் இருக்கும் போனுக்குள் இல்லை. எங்கோ ஒரு சர்வரின் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை முறை ஃபிளாஷ் அடித்தாலும் அந்தப் பதிவேட்டின் ஒரு வரிகூட மாறாது.

'ஆக்டிவேஷன் லாக்' எனப்படும் இந்த ஏற்பாடு 2013 செப்டம்பரில், ஐஓஎஸ் 7 உடன் வந்தது. அதற்கு முன் அமெரிக்க நகரங்களில் போன் பறிப்பு அவ்வளவு மலிந்திருந்தது. ஐபோன் பறிப்பை 'ஆப்பிள் பறித்தல்' என்றே கேலியாகச் சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எரிக் ஷ்னைடர்மனும் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட வழக்கறிஞர் ஜார்ஜ் கேஸ்கோனும் சேர்ந்து, திருடுபோன போனைத் தூரத்திலிருந்தே செயலிழக்கச் செய்யும் வசதி வேண்டும் என்று நிறுவனங்களை நெருக்கினார்கள். 2014-இல் மின்னசோட்டாவும் கலிஃபோர்னியாவும் அதைச் சட்டமாகவே இயற்றின. பலன் இருந்தது. ஆக்டிவேஷன் லாக் வந்த ஓராண்டில் ஐபோன் திருட்டு சான் பிரான்சிஸ்கோவில் 40 சதவீதமும் நியூயார்க்கில் 25 சதவீதமும் குறைந்ததாக 2015 தொடக்கத்தில் அறிவித்தார்கள்.

இந்தப் பூட்டு திருடனைத் தடுக்கும் விதம் கவனிக்க வேண்டியது. பறிக்கும் கையை அது பிடிப்பதில்லை. பறித்ததை விற்க முடியாதபடி செய்கிறது. 'பூட்டிய போனை வாங்கினால் பணம் போச்சு' என்று சந்தையில் எல்லோருக்கும் தெரிந்தால்தான் திருட்டுப் போனுக்கு விலை விழும். அந்தப் பாடத்தைச் சந்தைக்குக் கற்றுக்கொடுப்பது ஏமாந்து வாங்குபவரின் நஷ்டம்தான். ஆகவே அப்பாவி வாங்குபவர் மாட்டிக்கொள்வதை இந்த ஏற்பாட்டின் எதிர்பாராத பக்கவிளைவு என்று சொல்ல முடியாது; ஏற்பாடு வேலை செய்யும் வழியே அதுதான். பணம் கொடுத்தது யார், பில் யார் பெயரில் இருக்கிறது என்றெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. கடைசியாக உள்நுழைந்தது யார் என்பது மட்டுமே தெரியும். திருடனுக்கும், மறதியில் கணக்கை நீக்காமல் போனைக் கொடுத்துவிட்ட மாமாவுக்கும் அதனிடம் வித்தியாசம் இல்லை.

இந்த மறதி சிறிய விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோவில் பழைய போன்களைச் சேகரித்துப் புதுப்பிக்கும் ஒரு நிறுவனத்துக்கு 2015 முதல் 2018 வரை வந்த ஐபோன்களில் 60,000-க்கும் மேற்பட்டவை பூட்டியபடியே வந்தன. மக்கள் விரும்பிக் கொடுத்த, இன்னும் ஓடக்கூடிய போன்கள் உதிரிப் பாகங்களாகப் பிரிக்கப்பட்டன. பாகங்களுக்கும் இப்போது சிக்கல் வந்திருக்கிறது. 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், பூட்டிய போனிலிருந்து கழற்றிய டிஸ்பிளே, பேட்டரி, கேமரா ஆகியவற்றை வேறு போனில் பொருத்தினால் அந்தப் பாகத்தை முறைப்படி இணைக்கவும் பழைய உரிமையாளரின் பாஸ்வேர்டு வேண்டும். திருடர்களுக்கு இது அடி. நேர்மையாகப் பழுதுபார்ப்பவருக்கும் அடி.

ஆண்ட்ராய்டு கதை வேறு மாதிரி. அதில் மாட்டிவிடுபவர் பெரும்பாலும் திருடரே இல்லை. கணக்கை நீக்காமல் ரீசெட் செய்துவிட்டு, கொடுக்கும் முன் சுத்தமாக்கிவிட்டோம் என்று நம்பிய விற்பவர்தான். 2015-இல், ஆண்ட்ராய்டு 5.1 உடன் வந்த இந்த ஏற்பாட்டைக் கடைகளில் 'எஃப்ஆர்பி லாக்' என்பார்கள். போனின் சேமிப்பகத்தில் ரீசெட் தொடாத சிறு பகுதி ஒன்று உண்டு. போனில் கூகுள் கணக்கும் ஸ்கிரீன் லாக்கும் இருந்தால் அதன் அடையாளம் அங்கே பதிவாகிவிடும். செட்டிங்ஸுக்குள் போய் ரீசெட் கொடுத்தால் போன் முதலில் பின் நம்பரையோ பேட்டர்னையோ கேட்கும். சரியாகச் சொன்னால் உரிமையாளர்தான் கேட்கிறார் என்று உறுதிசெய்துகொண்டு அந்தச் சிறு பகுதியையும் துடைத்துவிடும். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தால் பின் கேட்க வழியில்லை. அப்படிச் செய்பவர் திருடனாகவும் இருக்கலாம் என்று போன் சந்தேகப்படுகிறது. மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுபடி ஆன் செய்ததும் பழைய கூகுள் கணக்கையோ பழைய பின்னையோ கேட்கிறது. விற்பவர் யூடியூப் பார்த்து நல்ல எண்ணத்தில் பட்டனை அழுத்தியிருப்பார். வாங்கியவருக்கு அது வினையாகிவிடும்.

இந்தப் பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று ஒரு தனித் தொழிலே நடக்கிறது. பழைய ஆண்ட்ராய்டுகளில் பார்வையற்றோருக்கான 'டாக்பேக்' வசதி வழியாகவும் கீபோர்டு செட்டிங்ஸ் வழியாகவும் பிரவுசருக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டு போகும் ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். ஆண்ட்ராய்டு 15 இன்னொரு படி போயிற்று: தொடக்கப் பக்கங்களைத் தாண்டி உள்ளே போனாலும் புதுக் கணக்கு சேர்க்கவோ ஆப் நிறுவவோ விடாது. ஐபோனில் 2019-இல் 'செக்எம்8' என்ற ஓட்டை வெளியானது. ஐபோன் 4எஸ் முதல் ஐபோன் எக்ஸ் வரையிலான சிப்புகளில், போன் ஆன் ஆனதும் முதலில் ஓடும் சிறு நிரலில் இருந்த பிழை அது. அந்த நிரல் சிப் தயாரிக்கும்போதே பொறிக்கப்படுவது. அப்டேட் அனுப்பித் திருத்த முடியாது. 'பைபாஸ் பண்ணது' என்று விற்கப்படும் பழைய ஐபோன்கள் பல இந்த வழியில் வந்தவை. முகப்புத் திரை வரும், யூடியூப் ஓடும். ஆனால் பலவற்றில் சிம் வேலை செய்யாது. ரீசெட் செய்தால் பழைய பூட்டு திரும்பி வந்து நிற்கும். பைபாஸ் போனை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

மோசமான வழி இன்னொன்று உண்டு. போனைப் பறிகொடுத்தவருக்கே, 'உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கைத் திறந்து இருக்கும் இடத்தைப் பாருங்கள்' என்று குறுஞ்செய்தி வரும். லிங்க் அசலைப் போலவே இருக்கும் போலிப் பக்கத்துக்குப் போகும். ஆசையில் பாஸ்வேர்டைத் தட்டினால், பூட்டைத் திறந்து கொடுத்தவர் அவரே ஆகிவிடுவார்.

இதுவரை சொன்ன பூட்டுகள் எல்லாம் வாங்கிய அன்றே தெரிந்துவிடும். ஐஎம்இஐ பூட்டு அப்படியில்லை. வாங்கி ஒரு வாரம் கழித்தும் விழலாம். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்தான் ஐஎம்இஐ. முதல் 8 இலக்கம் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதைக் குறிக்கும். அடுத்த 6 அந்தப் போனுக்கே உரிய எண். கடைசி இலக்கம், முன்னுள்ள 14-ஐயும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கிய இந்தச் சூத்திரத்தையே டெபிட் கார்டு எண்களிலும் பயன்படுத்துகிறார்கள். ஓர் இலக்கம் மாறினாலும் கணக்கு இடித்துவிடும். போன் நெட்வொர்க்கில் சேரும்போது கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் அமைப்பு இந்த எண்ணைக் கேட்டு வாங்கிக் கறுப்புப் பட்டியலோடு ஒப்பிட முடியும். இந்தியாவில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பட்டியலை 'சிஇஐஆர்' என்கிறார்கள். 2023 மே மாதத்தில் 'சஞ்சார் சாத்தி' தளம் வழியாக நாடு முழுவதற்கும் வந்தது. போனைத் தொலைத்தவர் போலீஸ் புகாரோடு பதிவு செய்தால் அந்த எண் எந்த நெட்வொர்க்கிலும் எடுபடாது. வைஃபையில் படம் பார்க்கலாம், பேச முடியாது. அதில் போட்ட சிம்மை வைத்து ஆளையும் கண்டுபிடிக்கலாம். மாவட்டக் காவல் அலுவலகங்களில் மீட்ட போன்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் படங்கள் நாளிதழில் வருவது இப்படித்தான். அந்த வரிசையில் போனைத் திருப்பிக் கொடுத்தவர்களில் தெரியாமல் வாங்கியவர்களும் இருப்பார்கள். விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் அது தனிக் குற்றம்.

எண்ணையே மாற்றிவிட்டால்? அதுவும் நடக்கிறது. 'சைனா செட்' கோலோச்சிய காலத்தில் எண்ணே இல்லாத போன்களும், எல்லாம் சுழியாக இருந்த போன்களும் ஏராளம். 2009 டிசம்பர் 1 முதல் அவற்றுக்குச் சேவை தரக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. 2020-இல் மீரட்டில் ஒரு விசாரணையில், ஒரே ஐஎம்இஐ எண்ணில் 13,000-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவது தெரியவந்தது. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி இந்த எண்ணைத் திருத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போனில் சிம் லாக் இருக்கலாம். ஒவ்வொரு சிம்மிலும் நாட்டையும் நிறுவனத்தையும் குறிக்கும் எண் உண்டு; இந்திய சிம் 404, 405 என்று தொடங்கும். போனுக்குச் சொல்லிவைத்த நிறுவனத்தின் எண் இல்லையென்றால் சேவை கிடையாது. 2007-இல் அமெரிக்காவின் ஏடி அண்டு டி நிறுவனத்தோடு பூட்டி வந்த முதல் ஐபோனை, நியூஜெர்சியைச் சேர்ந்த 17 வயது ஜார்ஜ் ஹாட்ஸ் திறந்து காட்டினார். அப்படித் திறந்த போன் ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு நிசான் காரும் மூன்று புது ஐபோன்களும் பெற்றுக்கொண்டார். கனடா 2017-இலும் பிரிட்டன் 2021-இலும் இப்படிப் பூட்டி விற்பதைத் தடை செய்துவிட்டன. நம் ஊரில் அதைவிடக் கவனிக்க வேண்டியது தவணைப் போன். கடன் கொடுத்த நிறுவனம் தூரத்திலிருந்தே பூட்டும் மென்பொருள் அதில் இருக்கலாம்; இருந்தால், முதல் ஆள் தவணை கட்டாவிட்டால் மூன்றாவது ஆளின் கையில் போன் பூட்டிக்கொள்ளும்.

நிலம் வாங்கினால் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். போனுக்கும் பார்க்கலாம், பத்து நிமிடம்கூட ஆகாது. பில்லிலும் பாக்ஸிலும் உள்ள ஐஎம்இஐ எண் *#06# காட்டுவதோடு பொருந்த வேண்டும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம் என்று 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று பதில் வரும். கையில் இருப்பது வேறு மாடல் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். தவணையில் வாங்கியது என்றால் கடன் முடிந்ததற்கான என்ஓசி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், விற்பவர் உங்கள் எதிரிலேயே தன் கணக்கிலிருந்து வெளியேறி, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்யட்டும். உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வந்து, உங்கள் சிம்மில் ஒரு அழைப்பு போன பிறகு பணத்தைக் கொடுங்கள். 'ரீசெட் பண்ணியே வச்சிருக்கேன்' என்று முன்கூட்டியே சுத்தம் செய்த போனைக் காட்டுபவரிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. ஐபோன் என்றால் பழைய உரிமையாளர் போனைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அவர் துபாயில் இருந்தாலும் ஐகிளவுட் தளத்தில் தன் கணக்கைத் திறந்து, அந்தப் போனைப் பட்டியலிலிருந்து நீக்கினால் சில நிமிடங்களில் பூட்டு விலகிவிடும். அசல் பில் இருந்தால் அவரே ஆப்பிளிடம் கேட்டும் நீக்கச் செய்யலாம். ஆண்ட்ராய்டில் அந்த வசதியை நம்ப முடியாது. போன் கேட்கும் பக்கத்தில் அவரே வந்து பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். அவர் பாஸ்வேர்டை மறந்து புதிதாக மாற்றினால், அது போனில் ஏற்றுக்கொள்ளப்பட 24 மணி நேரம் ஆகலாம். அதற்குள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துப் பயனில்லை, மறுநாள் வரச் சொல்லுங்கள்.