ஸ்ரீபெரும்புதூருக்குச் செலவிட்ட பணம்: கணக்குப் பார்ப்பது எப்படி?

ஸ்ரீபெரும்புதூரை 2010-ல் யாராவது மதிப்பிட்டிருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள். நோக்கியா ஆலை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மார்ச்சில்தான் பக்கத்தில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. அதே மதிப்பீட்டை 2014 டிசம்பரில் செய்திருந்தால் பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். நவம்பர் 1-ம் தேதி நோக்கியா உற்பத்தியை நிறுத்தியது. ஆண்டு முடிவதற்குள் அதே வளாகத்தில் ஃபாக்ஸ்கானும் வேலையை நிறுத்தியது. இன்றைக்கு மதிப்பிட்டால் மறுபடியும் நூறு. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2021-22-ல் 186 கோடி டாலர். 2024-25-ல் 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் இது ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. அதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில் பொருத்தப்படும் ஐபோன்களால் வருவது.

ஒரே வட்டாரத்துக்குப் பதினைந்து ஆண்டுக்குள் இப்படி மாறி மாறித் தீர்ப்பு வருகிறதென்றால், அளக்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது. எத்தனை கம்பெனி வந்தது, எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை என்று எண்ணுகிறோம். அந்த எண்கள் பெரும்பாலும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அறிவிக்கப்படுபவை. ஐந்து ஆண்டு கழித்து அவற்றில் எது நடந்தது, மக்கள் போட்ட பணத்துக்கு என்ன திரும்பி வந்தது என்று கேட்பதற்குச் சட்டமன்றத்தில்கூட முறையான ஏற்பாடு இல்லை.

மக்கள் பணம் இங்கே பல வழிகளில் இறங்கியிருக்கிறது. மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் நிலம் எடுத்து, சாலையும் மின்சாரமும் கொடுத்துக் குத்தகைக்கு விடுகிறது. பெரிய நிறுவனங்களுக்குத் தனித்தனியே சலுகைத் தொகுப்பு பேசப்படுகிறது. கட்டிய வரியில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. மத்திய அரசு 2020-ல் தொடங்கிய உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதலாக விற்ற கைபேசிகளின் மதிப்பில் 4 முதல் 6 சதவீதம் வரை நிறுவனத்துக்குப் போகிறது. இவற்றில் எது நிலைத்தது, எது கரைந்தது என்பதைத் தனித்தனியே பார்க்க வேண்டும். அதற்கு நோக்கியாவைவிட நல்ல பாடம் கிடையாது.

2005 ஏப்ரலில் நோக்கியாவோடு ஒப்பந்தம் போட்டபோது சிறப்புப் பொருளாதார மண்டலமாக 200 ஏக்கருக்கு மேல் நிலம் தரப்பட்டது. மாநிலத்துக்குச் சேர வேண்டிய விற்பனை வரியைத் திருப்பித் தரவும் அரசு ஒப்புக்கொண்டது. அடுத்த ஜனவரியிலேயே உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை. அதன் விலை என்ன என்பதை ஆய்வாளர் மதுமிதா தத்தா 2009-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் எழுதிய கட்டுரையில் எடுத்துவைத்தார். நிலம் மலிவாகத் தரப்பட்டதை இந்தியத் தணிக்கைத் துறையும் குறைகூறியது. இந்தக் கேள்விகள் எழுந்தபோது ஆலை ஓடிக்கொண்டிருந்ததால் பலர் காதில் விழவில்லை. பிறகு 2013-ல் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமான வரி கேட்டு வழக்கு வந்தது, சொத்துகள் முடக்கப்பட்டன. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையைச் சேர்க்காமல் வாங்கியது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதுக் கிராமத்துப் பெண்களும் ஆண்களும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே வளாகத்தில் நோக்கியாவுக்கு சார்ஜர் செய்துகொடுத்த வெண்டர் நிறுவனமான சால்காம்ப், 2019-ல் அந்த ஆலையை வாங்கியது. ஃபாக்ஸ்கான் சுங்குவார்சத்திரத்தில் அதே ஆண்டு ஐபோன் பொருத்தத் தொடங்கியது. திருப்பிக் கொடுத்த வரி போனது போனதுதான். நிலமும் கட்டடமும் துறைமுகச் சாலையும், லைனில் நின்று பழகிய கைகளும், ஒரு நாளில் பல ஆயிரம் பேரை வேலைக்கு எடுக்கத் தெரிந்த மேலாளர்களும் மிஞ்சினார்கள். நிறுவனம் போனபிறகும் ஊரில் தங்கும் செலவுக்கு ஒரு மதிப்பு, நிறுவனத்தோடு போய்விடும் செலவுக்கு வேறு மதிப்பு. என் பார்வையில் எந்த மதிப்பீடும் முதலில் பிரிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

ஊரில் தங்கும் செலவுக்கு இன்னோர் எடுத்துக்காட்டு தண்ணீர். கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டரைக் குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ல் இயங்கத் தொடங்கியது. சென்னை தண்ணீரில்லாமல் தவித்த ஆண்டு அது. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டர் சுத்திகரித்த நீருக்கும் ஒரு லிட்டர் ஏரித் தண்ணீர் குடிக்க மிச்சமாகிறது. எந்த முதலீட்டாளர் மாநாட்டு மேடையிலும் இது தலைப்புச் செய்தியாகாது. நல்ல மதிப்பீட்டில் முதல் வரிசையில் வரும்.

அடுத்தது கடினமான கேள்வி. சலுகை தராமலிருந்தால் இவர்கள் வந்திருக்க மாட்டார்களா? சென்னையில் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் சிம்ப்சனும் பல தலைமுறைகளாக இருக்கின்றன. அம்பத்தூரிலும் கிண்டியிலும் உதிரிபாகத் தொழில் வேரூன்றியிருந்தது. துறைமுகம் கைக்கெட்டும் தூரத்தில். 1996-ல் ஹூண்டாய் வந்ததற்கு இவையும் காரணம், சலுகையும் காரணம். எதற்கு எவ்வளவு பங்கு? ஓர் இடத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சலுகை ஒன்றாகவும் இடம் வேறாகவும் உள்ளவற்றை ஒப்பிட வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியிலும் சிறப்புப் பொருளாதார மண்டலம் அறிவிக்கப்பட்டது. சலுகைகள் இருந்தன, பரந்த நிலம் இருந்தது. பல்லாண்டுக் காலம் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. சலுகை மட்டுமே தொழிலைக் கொண்டுவரும் என்பது அங்கே பொய்த்தது.

ஜெர்மனி இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்ய வழிவைத்தது. 1995-ல் ‘பயோரெஜியோ’ என்று உயிரித்தொழில்நுட்பப் பகுதிகளுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். 17 பகுதிகள் கலந்துகொண்டன. மியூனிக் உள்ளிட்ட சில வென்று பணம் பெற்றன. தோற்ற பகுதிகளின் விவரமும் கையில் இருந்ததால், வென்றவர்களையும் தோற்றவர்களையும் பின்னாளில் ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பணம் வந்த காலத்தில் வென்ற பகுதிகள் முந்தின. பணம் நின்றபின் அந்த முந்தல் நிலைக்கவில்லை. நம் நாட்டிலும் உத்தராகண்டுக்கும் இமாச்சலத்துக்கும் 2003-ல் தந்த வரிச்சலுகை இப்படி ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே புதிய ஆலைகளும் வேலைகளும் உண்மையிலேயே கூடின என்று தெரிந்தது. ஆக, முடிவு எப்போதும் பாதகமாகத்தான் வரும் என்று அரசு அஞ்ச வேண்டியதில்லை.

ஆலைகள் வந்தால் புதுமை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையையும் சோதிக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாயின் இந்தியப் பொறியியல் மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது. மாறாக ரெனோ-நிசானின் தொழில்நுட்ப மையம் ஒரகடத்துக்கு அருகே மகேந்திரா சிட்டியில் ஆயிரக்கணக்கான பொறியாளர்களோடு இயங்குகிறது.

அரசே நேரடியாகப் புதுமைக்குச் செலவிட்ட இடமும் ஒரகடத்தில் உண்டு: உலக வாகன ஆராய்ச்சி மையம். நாடு முழுவதும் வாகனச் சோதனை மையங்கள் அமைக்கும் மத்தியத் திட்டத்தின் அங்கம் அது. 2005-ல் 1,718 கோடி ரூபாய் என்று ஒப்புதலான அந்தத் தேசியத் திட்டம் 2016-ல் 3,727 கோடிக்குத் திருத்தப்பட்டது. ஒரகடத்தின் சிறப்பு மோதல் பாதுகாப்பும் மின்காந்தச் சோதனையும். இன்றைய காரில் பத்துக்கணக்கான மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றின் அலை இன்னொன்றைக் கெடுத்தால் பிரேக்கோ ஏர்பேக்கோ தவறாக இயங்கலாம். அலைகளை விழுங்கும் கூம்புகள் சுவரெங்கும் பதித்த அறையில் வண்டியைச் சுழல்மேடை மீது நிறுத்தி, ஆன்டெனாவால் எல்லாப் பக்கமும் அளப்பார்கள். திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையில் முப்பது பேரை வைத்து நடத்தும் பட்டறை முதலாளி இப்படி ஓர் அறையைச் சொந்தமாகக் கட்ட முடியாது. பொதுப்பணத்துக்கு இங்கே நியாயம் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வியும் தெளிவானது: அந்த அறையை ஆண்டுக்கு எத்தனை நாள் யார் பயன்படுத்துகிறார்கள்? அவர்களில் சிறு நிறுவனங்கள் எத்தனை? சோதனையில் தேறி முதல்முறையாகக் கார் கம்பெனியின் நேரடி ஆர்டர் பெற்றவர்கள் எத்தனை பேர்? 2022-ல் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் சேர்த்து 33.46 கோடி ரூபாயில் திறக்கப்பட்ட சிப்காட் தொழில் புத்தாக்க மையங்களுக்கும் இதே கேள்விதான். திறப்பு விழாவையும் நடத்திய பயிலரங்குகளையும் எண்ணுவது போதாது.

தொழிலாளரை விட்டுவிட்டுப் போடும் கணக்கும் கணக்கல்ல. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நூற்றுக்கணக்கான ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நோயுற்று, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு ஜனவரியில்தான் திறந்தது. 2024-ல் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் விடுதியைத் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்த வட்டாரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமை கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதி கட்டியது நல்ல வேலை, மனமாரப் பாராட்டுகிறேன். அங்கே தங்கும் பெண் மூன்றாவது ஆண்டிலும் வேலையில் இருக்கிறாரா, சம்பளம் எவ்வளவு ஏறியது, லைன் லீடராக உயர்ந்தாரா, நிரந்தரமா ஒப்பந்தமா என்பதையும் மதிப்பீடு சொல்ல வேண்டும். ஏற்றுமதித் தொகையில் இறக்குமதி உதிரிபாகத்தைக் கழித்தபின் மிஞ்சுவதில் இந்த மண்ணுக்குச் சேரும் முக்கியப் பங்கு அவர்களுடைய கூலி.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. முன்கூட்டியே தொடங்கினால் போதும். பிள்ளைப்பாக்கத்தில் மத்திய அரசின் பாதி மானியத்தோடு மின்னணு உற்பத்திக் குழுமம் அமைகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கூலி, நிலத்தடி நீர்மட்டம், சிறு வெண்டர்களின் எண்ணிக்கை, அவர்கள் உள்ளூரில் வாங்கும் பொருளின் அளவு ஆகியவற்றை ஆலைகள் முழு வேகம் எடுக்கும் முன்பே பதிவுசெய்ய வேண்டும். சலுகை பெறாத வேறொரு சிப்காட் பேட்டையிலும் அதே கணக்கை எடுத்துவைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தந்த சலுகைத் தொகையையும் அது தந்த வேலைகளையும் தொழில்துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்க வேண்டும்.