சாமந்தியின் பூப்பும் இரவு விளக்கின் வெளிச்சமும்

ஆடிப் பட்டத்தில் சோளத்துடன் ஊடுபயிராக விதைத்த மொச்சை, எவ்வளவுதான் செழித்துக் கொடி வீசினாலும், பனிக்காலம் வந்த பிறகே பூக்கிறது என்பதைக் கொங்கு நாட்டு உழவர்கள் நன்கு அறிவார்கள். இதற்குப் பனி மட்டும் காரணமன்று. அக்காலத்தில் இரவு நீளுவதே முக்கியக் காரணமாகும். சாமந்தி, அதாவது நம் பகுதியில் செவ்வந்தி என்று கூறப்படும் மலர்ப்பயிரும் இவ்வகையைச் சேர்ந்ததே. நீண்ட இருட்டு கிடைத்தால் பூக்கும். கிடைக்காவிட்டால் தழையாகவே வளரும். இத்தன்மையைப் புரிந்துகொண்டு எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்தினால் பூ அறுவடையைப் பண்டிகை நாட்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். புரிந்துகொள்ளாவிட்டால், பக்கத்து ஆலையின் மதில் விளக்கே ஒரு போக மகசூலைத் தள்ளிப்போட்டுவிடும். இவ்விரண்டையும் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

இருட்டே பூப்பின் அளவுகோல்

1920 ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் அறிவியலறிஞர்கள், ‘மேரிலாண்டு மாமத்’ என்ற புகையிலை இரகம் கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்வதையும், பகலைச் சுருக்கினால் பூப்பதையும் கண்டறிந்து வெளியிட்டனர். 1938 இல் ஹாம்னர், போன்னர் ஆகிய இருவரும், நம் சாலையோரங்களிலும் முளைக்கும் மருளூமத்தைச் செடியில் ஆய்வு நடத்தி, நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே பூப்பு தடைப்படும் என்பதை நிலைநாட்டினர். செடி கணக்கு வைப்பது பகலை அன்று, இடையறாத இருட்டை என்பது இதனால் தெளிவாயிற்று.

இலைகளில் பைட்டோகுரோம் என்னும் நிறமி உள்ளது. சிவப்பு ஒளி பட்டவுடன் இது ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறுகிறது. இருட்டில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இரவின் நடுவில் விளக்கு எரிந்தால் நிறமி மீண்டும் மாறிவிடுகிறது. செடியும் அந்த இரவைக் குறுகிய இரவாக எண்ணிக்கொள்கிறது.

திருப்பூர் வட்டாரத்தில் ஆனி மாதத்தில் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 45 நிமிடம்; மார்கழியில் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 30 நிமிடம். வெளிநாடுகளிலிருந்து வந்த கொய்மலர்ச் சாமந்தி இரகங்கள் பலவற்றிற்கு இங்குள்ள எல்லா மாத இரவுகளுமே பூப்பதற்குப் போதுமானவை. ஆகவே விளக்கில்லாமல் நட்டால் சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். நாட்டு இரகங்களையும் ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் போதிய வளர்ச்சியின்றிப் பூத்து மகசூல் குறையும். செடி வளரும் வரை பூப்பைத் தள்ளிவைக்கவே விளக்கு தேவைப்படுகிறது. ஓசூர்ப் பகுதியிலும், கர்நாடகத்தின் கோலார், சிக்கபள்ளாப்பூர்ப் பகுதிகளிலும் சாமந்தி வயல்களில் இரவில் வரிசையாக விளக்குகள் எரிவதன் காரணம் இதுவே.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அளவால் குறிக்கிறோம். உச்சி வெயில் சுமார் ஒரு இலட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலவு கால் லக்ஸ் அளவே. சாமந்தியின் பூப்பைத் தடுக்க இரவில் செடி நுனியில் 100 லக்ஸ் வெளிச்சம் விழுந்தால் போதும். இது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே இவ்விளக்கு செடிக்கு உணவு தயாரிக்க உதவாது; அடையாளம் மட்டுமே காட்டுகிறது. அதிக வாட் விளக்கு போட்டால் அதிகப் பூ கிடைக்கும் என்று எண்ணுவது தவறாகும்.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று சுமார் 900 லூமன் ஒளி தரும். இதில் ஏறத்தாழ 60 சதம் பயிரின் மேல் விழுவதாகக் கொண்டால், ஒரு பல்பு 5.4 சதுர மீட்டர் பரப்புக்கு 100 லக்ஸ் தரும். ஆகவே பல்புக்குப் பல்பு 2.3 மீட்டர் இடைவெளியில், செடி நுனியிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் தொங்கவிடலாம். செடி வளர வளரக் கம்பியை உயர்த்துதல் வேண்டும். பல்புக்கு மேல் வெள்ளை வர்ணம் பூசிய தகட்டு மூடி பொருத்தினால் வீணாகும் ஒளி கீழே திரும்பும். நான்கு பல்புகளுக்கு நடுவே உள்ள இடமே மிக இருட்டான இடம். லக்ஸ் மானியை அங்கு வைத்துப் பார்த்து, அளவு மிகவும் குறைந்தால் இடைவெளியைச் சுருக்கவேண்டும். மானி இல்லாதோர் கைப்பேசிச் செயலியால் தோராயமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீலம் கலந்த வெள்ளை விளக்கைவிட, மஞ்சள் கலந்த வெள்ளை விளக்கில் சிவப்புக் கதிர்கள் அதிகம். ஆகவே அதனையே தேர்ந்தெடுப்பது நல்லது.

எப்போது, எவ்வளவு நாள்?

நட்ட நாள் முதல் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை விளக்கு எரிய வேண்டும். மாலையில் எரிப்பதைவிட நள்ளிரவில் எரிப்பதே சிறந்தது. இருட்டு இரண்டு துண்டாகிவிடும். நட்ட இரண்டு மூன்று வாரங்களில், 6 அல்லது 7 இலைகள் வந்தவுடன் நுனி கிள்ளி, அதன்பின் குறைந்தது இரண்டு வாரமாவது விளக்கைத் தொடர வேண்டும். மொத்தம் சுமார் 5 வாரம் ஆகும். இடையில் சில இரவுகள் தொடர்ந்து மின்சாரம் தடைப்பட்டால் மொட்டு உருவாகத் தொடங்கிவிடும் என்பதால் மாற்று ஏற்பாடு தேவை.

25 சென்ட் நிலத்திற்கு 190 பல்புகள் எனக் கொண்டால் 1.7 கிலோவாட், நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 யூனிட், 35 நாட்களுக்குச் சுமார் 240 யூனிட் செலவாகும். பழைய குண்டு பல்புகளாயின் இதைப்போல் ஏழெட்டு மடங்கு ஆகும். ஒவ்வொரு அரை மணியிலும் 10 நிமிடம் எரித்து 20 நிமிடம் அணைக்கும் முறையும் பலன் தரக்கூடியது. டைமர் பொருத்தினால் செலவு மூன்றில் ஒரு பங்காகும். புதிதாகச் செய்வோர் சிறு பாத்தியில் சோதித்த பிறகே இம்முறையை முழு வயலுக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

விளக்குகளுக்கு உரிய மின் இணைப்பைப் பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளவும். ஐப்பசி மழையில் ஈர வயலில் ஒயர் இழுப்பதால், மழை தாங்கும் ஹோல்டர்களும் மின்கசிவுத் தடுப்பானும் கட்டாயம் தேவை.

பண்டிகைக்குக் கணக்கிடுதல்

விளக்கை நிறுத்திய நாளிலிருந்து பூ விரியும் வரை உள்ள காலம் இரகத்துக்கு இரகம் மாறும். பெரும்பாலும் 7 முதல் 12 வாரம். 9 வாரத்தில் பூக்கும் இரகத்தைப் பொங்கலுக்காக ஜனவரி 10 இல் பறிக்க வேண்டுமானால், நவம்பர் 8 இல் விளக்கை நிறுத்த வேண்டும். அக்டோபர் 4 வாக்கில் நட்டு விளக்கேற்ற வேண்டும்.

விளக்கு பூப்பைத் தள்ளிவைக்குமேயன்றி முன்னுக்குக் கொண்டுவராது. பனியன் கம்பெனிகளில் எந்திரங்களுக்கெல்லாம் மாலை சாத்தும் ஆயுத பூசைக்குப் பூ வேண்டுமானால், ஆடி, ஆவணியின் நீண்ட பகலிலும் பூக்கும் இரகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் மாலை 6 முதல் காலை 7 மணி வரை கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டவேண்டும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பின்னலாடைத் துணியை இழுத்துக் கட்டினால் கண்கள் விரிந்து ஒளி புகும். நெருக்கமாக நெய்த துணியே ஏற்றது. உள்ளே வெப்பம் மிகுந்தால் பூப்பு தாமதமாகும் என்பதால், வெயில் தணியுமுன் மூடலாகாது.

பூக்கும் பருவத்தில் வேண்டாத வெளிச்சம்

விளக்கை நிறுத்திய பிறகு இருட்டு முழுமையாக இருத்தல் வேண்டும். பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி வட்டாரங்களில் விளைநிலங்களுக்கு நடுவே நூற்பாலைகளும் பின்னலாடைக் கூடங்களும் உள்ளன. அவற்றின் மதில் விளக்குகளும், ஊராட்சித் தெருவிளக்குகளும் விடிய விடிய எரிகின்றன. 100 லக்ஸில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்கூட, இரவு முழுவதும் விழுந்தால், பூப்பைத் தாமதப்படுத்தக் கூடும்.

100 வாட் எல்.இ.டி. வெள்ள விளக்கின் முகத்துக்கு நேரே, கணக்குப்படி, 10 மீட்டரில் சுமார் 30 லக்ஸும், 20 மீட்டரில் 8 லக்ஸும், 40 மீட்டரில் 2 லக்ஸும் விழும். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். ஒரு வயலில் மதிலை ஒட்டிய வரிசைகள் கரும்பச்சையாக உயர்ந்து நிற்க, தள்ளியுள்ள வரிசைகள் மொட்டு விட்டிருந்தால், உரத்தையோ நோயையோ ஐயுறுமுன் இரவில் சென்று விளக்கைப் பார்க்கவேண்டும். பொங்கலுக்குப் பின் பூக்கும் வரிசைகளுக்குப் பொங்கல் விலை கிடைக்காது.

இதற்கு எளிய சோதனை உண்டு. நடுமுன் ஓர் அமாவாசை இரவில் வயலில் நின்று செய்தித்தாளை விரித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் அந்த இடம் சாமந்திக்கு ஏற்றதன்று. கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

1. ஆலை நிர்வாகத்தாரிடம் பேசி, விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பவும், வயல் பக்கம் தகட்டு மறைப்பு வைக்கவும் கேட்டுக்கொள்ளலாம். விளக்கை அணைக்கத் தேவையில்லை என்பதால் காவலுக்கு இடையூறில்லை.

2. வரப்போரம் அகத்தியோ உயரமான சோளமோ நெருக்கமாக வளர்த்து மறைக்கலாம்.

3. மறைக்க இயலாத பகுதியில், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத தக்காளி, கத்தரி, ரோஜா போன்றவற்றைப் பயிரிடலாம்.

4. தன் வயலில் ஒரு பகுதிக்கு விளக்கு போடுபவர், பூப்புக்கு விட்ட அடுத்த பகுதிக்கு நடுவே கறுப்புத் திரை கட்ட வேண்டும்.

தண்ணீரை எப்போது பாய்ச்சுவது, எப்போது நிறுத்துவது என்று அறிந்திருப்பதைப் போலவே, வெளிச்சத்தையும் அளவறிந்து கொடுத்து, காலமறிந்து நிறுத்துதல் வேண்டும். இரகத்தின் பூப்புக் காலத்தை நாற்று வாங்கும் இடத்திலும், பிற ஐயங்களை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்டறிந்து, முதலில் 5 சென்டில் செய்து பார்த்துப் பின் விரிவுபடுத்தினால், சிறு விவசாயிகளும் பண்டிகைச் சந்தையில் நல்ல விலை பெறலாம்.