சிலுவையில் இருப்பவரின் பக்கம்

பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பீட ஓவியம் இருக்கிறது. மத்தியாஸ் குருனேவால்ட் என்ற ஜெர்மன் ஓவியர் 1512-க்கும் 1516-க்கும் இடையில் வரைந்தது. அதில் சிலுவையில் தொங்கும் இயேசுவிடம் அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. விரல்கள் விறைத்து முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. உதடு நீலம் பாரித்திருக்கிறது. உடம்பெங்கும் புண்கள்; தோலில் முட்கள் குத்தியபடியே இருக்கின்றன.

அருகிலுள்ள இசன்ஹைம் ஊரில் அந்தோணியார் சபைத் துறவிகள் நடத்திய மடத்துக்காக வரையப்பட்ட ஓவியம் இது. 'அந்தோணியார் நெருப்பு' என்று அன்று மக்கள் அஞ்சிய நோய்க்கு அந்த மடத்தில் வைத்தியம் பார்த்தார்கள். பூஞ்சை பிடித்த ரை தானியத்தின் ரொட்டியைத் தின்றதால் வந்த நோய் அது. கை கால்கள் தீப்பிடித்ததுபோல் எரியும், பிறகு கறுத்து அழுகும். பலருக்கு அவற்றை வெட்டி எடுக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்டவர்கள் இந்தப் பீடத்தின் முன்னால் வந்து நின்றார்கள். ஊரார் பார்க்கக் கூசிய தங்கள் புண்களைக் கடவுளின் உடம்பில் கண்டார்கள்.

ஓவியம் அவர்களுக்கு நோயின் காரணத்தைச் சொல்லவில்லை. 'நீ செய்த பாவம்' என்றோ 'பொறுத்துக்கொள்' என்றோ உபதேசிக்கவும் இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவில் நிற்கும் சிலுவையை நான் புரிந்துகொள்வதும் இப்படித்தான். துன்பம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. துன்பம் வரும்போது கடவுள் யார் பக்கம் இருக்கிறார் என்ற கேள்விக்கு மட்டும் அதில் விடை இருக்கிறது. அந்த விடையைக் கேட்டவர்கள் தாங்கள் யார் பக்கம் நிற்கிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும்.

அடிமைகளுக்கு விதித்த சாவு

கழுத்துச் சங்கிலியிலும் கோபுர உச்சியிலும் பார்த்துப் பழகிய நமக்குச் சிலுவையின் அருவருப்பு மறந்துவிட்டது. ரோமப் பேரரசில் அது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதித்த தண்டனை. ரோமக் குடிமக்களுக்குப் பொதுவாக அதிலிருந்து விலக்கு உண்டு. கி.மு. 71-இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கிளர்ச்சி தோற்றபோது, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரத்தில் சிலுவைகளில் ஏற்றினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க வேண்டும், பார்த்து நடுங்க வேண்டும், அதற்காகவே சாலையோரம். 1968-இல் எருசலேமின் வடக்கே ஒரு பழைய கல்லறையில் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒருவரின் குதிகால் எலும்பு கிடைத்தது. அறைந்த இரும்பாணி அந்த எலும்பில் அப்படியே இருந்தது.

கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட பொந்தியு பிலாத்து நாசரேத்தூர் இயேசுவுக்கு விதித்தது இந்தச் சாவைத்தான். அப்படிச் செத்த ஒருவரைக் கடவுளின் மகன் என்று சொன்னவர்களை ஊரே பார்த்துச் சிரித்தது. ரோமின் பாலடைன் குன்றில் 1857-இல் ஒரு பழங்காலச் சுவர்க் கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் ஓர் உருவம், அதை வணங்கி நிற்கும் ஒருவன், அவன் பெயரைச் சொல்லி ஒரு கேலி வாசகம். கிறிஸ்தவர்களே சிலுவைச் சாவைச் சித்திரிக்க வெகுகாலம் தயங்கினார்கள். ரோமின் சாந்தா சபீனா ஆலயத்து மரக்கதவில் உள்ள சிற்பம் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரிப்புகளில் ஒன்று. அதுவே ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இந்தச் சாவு எப்படி மீட்பாகும் என்று விளக்கப் பலர் முயன்றார்கள். 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயர் ஆன்செல்ம், மனிதன் கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைக் கிறிஸ்து செலுத்தித் தீர்த்தார் என்று வாதிட்டார். அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அபெலார்டு, மனித மனத்தை இளக்கும் அன்பின் வெளிப்பாடாகச் சிலுவையைக் கண்டார். தீமையின் மேல் கிடைத்த வெற்றி என்றார்கள் வேறு சிலர். திருச்சபையின் சிந்தனைக்கு இவை வளம் சேர்த்தன. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கும் தாயிடம் இவற்றில் எதையும் எடுத்துச் சொல்ல நா எழாது.

நான்காவது வார்த்தை

பெரிய வெள்ளியன்று தமிழ்நாட்டின் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். இந்த மும்மணி வழிபாடு பெரு நாட்டின் லீமா நகரில் ஓர் இயேசு சபைக் குருவிடமிருந்து தொடங்கியது. 1687-இல் பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்த நகரம் அது.

ஏழில் மூன்று லூக்காவில் இருக்கின்றன, மூன்று யோவானில். மாற்கும் மத்தேயுவும் ஒன்றே ஒன்றைத்தான் பதிவு செய்கிறார்கள். ஏழு வார்த்தைகளின் வரிசையில் நான்காவதாக நிற்கும் அது, தன்னை ஏன் கைவிட்டீர் என்று கடவுளிடமே கேட்கும் கதறல். சங்கடமான இந்தக் கேள்வியை அவர்கள் மறைத்திருக்கலாம். மறைக்காமல், இயேசு பேசிய அரமேய ஒலியோடு எழுதிவைத்தார்கள். அதற்குப் பதில் வந்ததாக எழுதவில்லை. கடவுளைப் பார்த்து 'ஏன்' என்று கேட்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் இந்த வசனத்தின் முன் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

இந்தக் கதறல் தன் வாழ்க்கையைத் திருப்பிய கதையை ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் பலமுறை சொல்லியிருக்கிறார். 1926-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். சமயப் பற்று அதிகம் இல்லாத குடும்பம். 1943 ஜூலை இறுதியில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க்கைத் தீக்கிரையாக்கியபோது, பள்ளி மாணவனாக இருந்த அவர் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிச் செத்தான், இவர் பிழைத்தார். கடவுளே, எங்கே இருக்கிறீர் என்று வாழ்வில் முதல் முறையாக அன்றுதான் கேட்டார்.

1945-இல் பிரிட்டிஷ் படையிடம் சரணடைந்து பெல்ஜியத்திலும் ஸ்காட்லாந்திலும் போர்க்கைதி முகாம்களில் இருந்தார். நாஜி வதைமுகாம்களின் படங்களை அங்கே கைதிகளுக்குக் காட்டினார்கள். தோற்ற துயரத்தோடு, தன் நாடு செய்த கொடுமையின் அவமானமும் சேர்ந்துகொண்டது. அந்த நிலையில் ஒரு படைமுகாம் குரு கொடுத்த விவிலியத்தில் மாற்கு எழுதிய பாடுகளின் வரலாற்றைப் படித்தார். நான்காவது வார்த்தைக்கு வந்தபோது, தன்னை முழுதாகப் புரிந்துகொண்ட ஒருவர் இங்கே இருக்கிறார் என்று தோன்றியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1972-இல் அவர் வெளியிட்ட 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' 20-ஆம் நூற்றாண்டு இறையியலின் முக்கிய நூல்களில் ஒன்றானது. 2024 ஜூனில், 98 வயதில் மறைந்தார்.

கடவுள் துன்பத்துக்கு அப்பாற்பட்டவர் என்ற பழைய கிரேக்கக் கருத்தை அந்த நூல் கேள்விக்குள்ளாக்கியது. துன்பப்பட முடியாத கடவுளால் அன்பு செய்யவும் முடியாது என்பது மோல்ட்மனின் வாதம். மறுப்பும் பலமாக எழுந்தது. மகனைச் சாவுக்குக் கையளிக்கும் தந்தையாகக் கடவுளைக் காட்டுவது கொடுமையை வணங்குவதில் போய் முடியும் என்று இறையியலாளர் டொரொத்தே சோலே எச்சரித்தார். நான் தவிக்கும் அதே இக்கட்டில் கடவுளும் தவித்தால் எனக்கென்ன விடுதலை என்ற பொருளில் கேட்டார் கத்தோலிக்க இறையியலாளர் கார்ல் ரானர்.

ரானரின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் கிறிஸ்தவ நம்பிக்கை வெள்ளிக்கிழமையோடு நிற்காமல் உயிர்ப்பு ஞாயிறுக்குப் போகிறது. ஆனால் உயிர்த்தவரின் உடம்பில் காயங்கள் ஆறி மறைந்துவிட்டதாக யோவான் எழுதவில்லை. மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக நம் மரபு சொல்லும் தோமா, அந்தக் காயங்களைப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். காயமே படாத ஒரு கடவுள் வந்திருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார். கல்லறையை வென்றவரும் காயம்பட்டவரும் ஒருவரே என்பதில்தான் துன்பப்படுகிறவர்களின் நம்பிக்கை நிற்கிறது.

இரத்தத்தில் விழுந்த புத்தகம்

எல் சால்வடோர் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1989 நவம்பர் 16 அதிகாலையில் இராணுவத்தினர் தலைநகரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து, ஆறு இயேசு சபைக் குருக்களையும், அங்கே வேலை செய்த எல்பா ராமோஸையும், அவர் மகள் செலினாவையும் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் இக்னாசியோ எய்யாகுரியா. ஒரு குருவின் உடலை அறைக்குள் இழுத்துப்போட்டபோது அலமாரியிலிருந்து ஒரு புத்தகம் இரத்தத்தில் விழுந்தது. அது மோல்ட்மனின் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்'.

நிலமில்லாத உழவர்களையும் காணாமல் போனவர்களையும் 'சிலுவையில் அறையப்பட்ட மக்கள்' என்று அழைத்தவர் எய்யாகுரியா. அவர்களைச் சிலுவையிலிருந்து இறக்குவதே திருச்சபையின் வேலை என்பது அவர் போதனை. சிலுவைகள் தானாக முளைப்பதில்லை. யாரோ மரத்தை வெட்டி, ஆணி அடித்து, நாட்டுகிறார்கள். அந்த உண்மையைச் சொன்னதற்காக அவர் கொல்லப்பட்டார்.

ஏழைக்கு வந்த அநியாயத்தைக் 'கடவுள் கொடுத்த சிலுவை' என்று சொல்லித் தேற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. கணவனிடம் அடி வாங்கும் பெண்ணிடம் 'உன் சிலுவையைச் சும' என்று சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். தீராத நோயைச் சுமப்பவர் அதைக் கிறிஸ்துவின் பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது அவருடைய சுதந்திரம், அதை வணங்குகிறேன். அடுத்தவன் முதுகில் சிலுவையை ஏற்றிவிட்டுப் பொறுமையைப் போதிப்பவரின் வேலையோ பிலாத்துவின் படைவீரர்கள் செய்த வேலைதான்.

சிலுவையின் பெயரால் சிலுவைகள் நாட்டிய வரலாறும் திருச்சபைக்கு உண்டு. தீர்ப்பு வழங்கியது ரோம ஆளுநர். பழியோ ஒரு முழு இனத்தின் மேல் விழுந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் புனித வாரம் யூதர்களுக்கு அச்சத்தின் வாரமாக இருந்தது. இயேசுவின் சாவுக்கு யூதர்கள் எல்லாரையும் குற்றம் சாட்ட முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல்தான் அறிவித்தது.

நம் வீட்டுக் கணக்கும் பாக்கி இருக்கிறது. வெள்ளியன்று சிலுவையை முத்தி செய்துவிட்டு, தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை ஒதுக்கிய பங்குகள் தமிழ்நாட்டில் உண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமைகளும் அவர்களுக்கு இல்லை. அரசும் கைவிட்டது, ஆலயமும் ஒதுக்கியது. சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலை வளர்த்த அரவிந்த் நிர்மல், சிலுவையில் கைவிடப்பட்டுக் கதறியவரைத் தலித்தாகவே கண்டார். அந்தக் கல்லறைச் சுவர்களைப் பார்த்தவர்கள் அவர் சொன்னதை மறுக்க முடியாது.

நற்செய்தி நூல்களில் சிலுவையைச் சுற்றி நின்றவர்களில் மூவகையினரை நாம் பின்பற்றலாம். வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேனே ஊர் சீமோன் பாரத்தில் பங்கெடுத்தார். சீடர்கள் ஓடிவிட்ட பிறகும் பெண்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களால் எதையும் மாற்ற முடியவில்லை, ஆனாலும் போகவில்லை. அரிமத்தியா ஊர் யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்கி, சிலுவையிலிருந்து இறக்கினார். நோயாளியின் படுக்கையைத் துவைப்பதும், துக்க வீட்டில் வாய்பேசாமல் உட்கார்ந்திருப்பதும், அதிகாரிகளின் வாசலில் நின்று நியாயம் கேட்பதும் அவர்கள் செய்ததன் தொடர்ச்சி. சிலுவையில் இறந்தவரை நம்புகிறேன் என்று சொல்லும் எவருக்கும் இந்த வேலைகளிலிருந்து விலக்கு இல்லை. இவற்றைச் செய்யாத சபை எத்தனை உயரமான கோபுரத்தில் சிலுவையை ஏற்றி வைத்தாலும், அதில் தொங்குகிறவர் யார் என்பதை அது இன்னும் அறிந்துகொள்ளவில்லை.