ஐயமும் துணிபும்

தருக்கம் பயின்றார்க்கு ஐயம் வேறு, துணிபு வேறு. கருவிலுள்ள மகவுக்கு நிறமூர்த்தக் குறையுண்டோ என ஆராயும் இந்நாளில், அவ்வேறுபாட்டை மருத்துவமனை வாயிலிலும் நினைத்தல் வேண்டும். (நிறமூர்த்தம், குரோமோசோமுக்கு ஈழத்துப் பாடநூல்கள் வழங்கும் சொல்; கிரேக்க மூலத்துக்கு எத்துணைப் பொருத்தம்!) அவற்றுள் 21 ஆவது, இரண்டன்றி மூன்றாயிருத்தலே டவுண் நிலைக்குக் காரணமென 1959 இல் பிரான்சிற் கண்டனர்.

11 முதல் 14 வாரத்துள் மகவின் பிடரியில் தங்கும் நீரை ஸ்கான் படத்தில் அளத்தலும், தாயின் குருதியை ஆய்தலும் ஐயமே எழுப்பும். பனிக்குட நீரை ஊசியாலெடுத்து ஆய்தலே துணிபு. அதிற் கருச்சிதைவு இடர் சிறிதுண்டு. உரும்பிராய்த் தாயொருத்திக்கு ‘நூற்றிலொன்று’ எனத் தாள் வருமாயின், ஏனைய தொண்ணூற்றொன்பதையும் அவளுக்குச் சொல்லுதல் கடன்.

1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயுயிர் காத்தற்கன்றிக் கருக்கலைப்புக்கு இன்றும் இசையாது. ஆகவே துணிபால் இங்கு எய்தும் பயன் ஆயத்தமே. அப்பிள்ளைகளுட் பாதியளவினர்க்கு இதயக்குறையுண்டு. பேறு எந்த மருத்துவமனையில் என்பதை முன்னரே குறித்துக்கொள்ளலாம்.